பெயர்த்தி

வெளிநாட்டு வம்சாவளி மென்பொருள்களில் பெண்ணுக்கென்று ஒரு கட்டம் உண்டு: திருமணத்துக்கு முந்தைய குடும்பப்பெயர். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் குடும்பம் ஒன்றை அதில் ஏற்ற உட்கார்ந்தால் கை அங்கேயே நின்றுவிடும். குடும்பப்பெயர் இருந்தால்தானே மாறுவதற்கு! கல்யாணத்தில் தலைப்பெழுத்துதான் மாறும். அங்காளம்மாள் கடைசிவரை அங்காளம்மாள்தான். ஆனாலும் கொள்ளுத்தாத்தாவின் பெயரைத் தயங்காமல் சொல்கிறவர்களிடம் அவர் மனைவியின் பெயரைக் கேட்டால், "ஆயான்னுதான் கூப்பிடுவோம்" என்பார்கள். மாறாத பெயர் எங்கே தொலைந்தது?

பேத்தி என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தேடலாம். பெயரன், பேரன் ஆனான். பெயர்த்தி, பேர்த்தியாகிப் பேத்தி ஆனாள். பாட்டன் பாட்டியின் பெயரைத் தாங்கி வருகிறவர்கள் என்பதே பொருள். மூத்த பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவள் பெயர், அடுத்தவளுக்கு அம்மாவைப் பெற்றவள் பெயர் என்று வைப்பது பல குடும்பங்களில் வழக்கம். சிக்கல் அடுத்த நாளே தொடங்கும். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அந்தப் பெயர் தன் குழந்தைக்கே வைத்ததாக இருந்தாலும் கூடாது. எனவே குழந்தை பாப்பா ஆகும், சின்னப்பொண்ணு ஆகும். பாட்டியின் பெயர் ஊர்வாயில் அடங்கிப் பேத்தியின் பள்ளிக்கூட டி.சி.யில் உட்கார்ந்துகொள்ளும். பாட்டியைத் தேடுகிறவர் முதலில் புரட்ட வேண்டியது பேத்தியின் சான்றிதழை என்பேன்.

புகுந்த வீட்டார் மருமகளுக்கு வைக்கும் பெயரும் கவனிக்கத்தக்கது. செஞ்சியிலிருந்து வந்தவள் செஞ்சிக்காரி, மயிலத்திலிருந்து வந்தவள் மயிலத்துக்காரி. அலட்சியமாகத் தோன்றினாலும் பிறந்த ஊரை இத்தனை உறுதியாகக் காப்பாற்றித் தரும் ஆவணம் வேறில்லை. சொந்தப் பெயரும் சில சமயம் ஊர்ப்பக்கத்தைக் காட்டும். மேல்மலையனூர் அங்காளம்மனைக் கும்பிடும் வீடுகளில் அங்கம்மாள்கள் இருப்பார்கள்; திரௌபதி அம்மன் வழிபாடு வேரோடிய செஞ்சிச் சீமையில் துரோபதைகள் இருப்பார்கள். இது துப்பு மட்டுமே, சாட்சி ஆகாது.

பத்திரங்களுக்கு வருவோம். பழைய கிரயப் பத்திரத்தில் ஆண் 'இன்னார் குமாரர்'. பெண்ணோ 'இன்னார் பெண்சாதி' அல்லது 'பாரியாள்', பிற்காலத்தில் 'க/பெ'. சட்டம் இப்படிக் கேட்கவில்லை என்பதுதான் வேடிக்கை. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம், இந்தியர் ஒருவரை அடையாளம் காட்டத் தந்தை பெயரைக் கேட்கிறது; தாயின் மகன் என்றே வழங்கப்படுபவராக இருந்தால் தாய் பெயரைக் கேட்கிறது. கணவர் பெயர் அந்த வரையறையில் இல்லை. பத்திரம் எழுதியவர்களின் பழக்கம் சட்டத்தை முந்திக்கொண்டது. 1993க்கு முன் இந்தப் பக்கத்தில் எழுதியவை தென்னாற்காடு ஜில்லா என்றிருக்கும், அதையும் நினைவில் வைக்க வேண்டும்.

எல்லையைத் தாண்டினால் கதை வேறு. தென்னாற்காட்டு ஊர்களுக்கு இடையே திட்டுத்திட்டாகக் கிடந்தது பிரெஞ்சுப் புதுச்சேரி. பிறப்புச் சான்றில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயரை யாரும் சூடக் கூடாது என்று புரட்சிக்கால பிரான்ஸ் 1794இல் சட்டம் போட்டது. அந்த மரபில் மனைவியும் பிறந்த பெயரிலேயே பதிவாவாள். கணவர் பெயர் பின்னால் ஒட்டிக்கொள்ளும். 1881 ஆணைப்படி இந்தியத் தனிநபர் சட்டத்தைத் துறந்தவர்கள் குடும்பப்பெயர் ஒன்றைத் தேர்ந்துகொண்டார்கள். வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லாபோர்த்' ஆனது அப்படித்தான். மென்பொருளின் அந்தக் கட்டத்துக்குப் பொருந்துகிற தமிழ்க் குடும்பங்களில் இவர்களும் உண்டு.

அரண்மனைப் பெண்களுக்காவது பெயர் தங்கியதா என்றால், வானூர் வட்டத்துத் திருவக்கரைக்குப் போகலாம். அங்கே சிவன் கோயிலை 1001இல் கற்றளியாக்கியவர் செம்பியன் மாதேவி. கல்வெட்டுகள் அவரை மழவரையர் மகள், கண்டராதித்தர் தேவி, உத்தம சோழரைப் பெற்றவர் என்று மூன்று ஆண்களைக் கொண்டு அடையாளம் காட்டுகின்றன. செம்பியன் மாதேவி என்பதோ சோழரின் பெருந்தேவி என்ற பட்டம். வேறு சோழ அரசியரும் அதைத் தாங்கினார்கள்.

ஆகவே நான் எழுதிவைக்கும் முறை இது: முதலில் சொந்தப் பெயர், பிறகு தகப்பன் பெயரும் பிறந்த ஊரும், கணவர் பெயரும் புகுந்த ஊரும், கூப்பிட்ட பெயர், சொந்தப் பெயரைத் தாங்கும் பேத்தி யார் என்பது. தலைப்பெழுத்தை மட்டும் நம்பி ஒன்றையும் எழுதுவதில்லை. மாமன் மகனைக் கட்டிய வீடுகளில் இரண்டு பக்கமும் ஒரே எழுத்து வந்து நிற்கலாம். அக்காள் இறந்து தங்கையை அதே மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்த வீடுகள் இன்னும் சிக்கல்: தகப்பன் ஒருவர், கணவர் ஒருவர், ஊர்கள் இரண்டும் அவையே. பத்திரத்தில் 'க/பெ'வுக்கு முன்னால் இருக்கும் அந்த ஒற்றைப் பெயரை விட்டுவிட்டால் இரண்டு பெண்கள் ஒருத்தியாகிவிடுவார்கள்; அக்காள் பெற்ற பிள்ளைகள் தங்கை கணக்கில் ஏறிவிடுவார்கள்.