பாலாற்றுத் தோற்கைத்தொழிலும் கழிவுநீரும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆற்றங்கரைகளிலே மனிதன் குடியமர்ந்தான். அவனுடைய தொழில்களும் அங்கேயே வேரூன்றின. ஆயின், எடுத்த நீரை எடுத்தவாறே திருப்பிக் கொடுக்கும் தொழில்கள் மிகச் சிலவே. இவ்வுண்மைக்குத் தோல் பதனிடும் தொழிலினும் தெளிவான சான்று காண்டலரிது. தமிழகத்தின் பாலாற்றுப் பள்ளத்தாக்கில் இத்தொழில் வளர்ந்தவாற்றையும், அதன் கழிவுநீரைச் சுத்திகரிக்க மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டு தோலைப் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும் பயன்பட்டன. வறண்ட நிலத்திற்குரிய ஆவாரை தமிழகத்திற்கும் ஈழத்து உலர்வலயத்திற்கும் பொதுவானதொரு செடி. இப்பட்டைச் சாற்றில் தோல் பதமாக வாரக்கணக்கிற் காலம் பிடித்தது. உப்பும் சுண்ணாம்பும் அன்றும் பயன்பட்டனவெனினும், தொழிலின் வேகம் குறைவாயிருந்தமையால் கழிவின் அளவும் குறைவாகவே இருந்தது.

1884இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பார் குரோமிய உப்பினாற் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அல்பிரட் சாட்டர்டன் அம்முறையைச் சென்னையில் அறிமுகஞ் செய்தார். வாரங்களில் முடிந்த வேலை ஒருசில நாள்களில் முடியலாயிற்று. 1948இல் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தோன்றியது. 1970களில் இந்திய அரசு அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமையாக்கிய தோலின் ஏற்றுமதியை ஊக்குவித்தது. அந்நியச் செலாவணி பெருகிற்று. குரோமியப் பதனிடுதலும் அதனோடு பெருகிற்று.

ஒரு கிலோகிராம் தோலைப் பதனிட ஏறக்குறைய 40 லீற்றர் நீர் கழிவாகின்றது. அழுகாதிருக்கத் தோலில் இடப்பட்ட உப்பு முதற் கழுவலில் வெளியேறும். மயிரை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைட்டும் சேர்க்கப்படும். இறுதியில் இடப்படும் குரோமியத்திலும் ஒரு பங்கு தோலிற் சேராது நீரோடு கலந்துவிடும். பாலாறோ ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடப்பது. கழிவை அடித்துச் செல்ல அதில் வெள்ளமில்லை. ஆதலால் அது மணலினூடே இறங்கிக் கிணறுகளை அடைந்தது. தோல் ஊரை வாழ்வித்தது. அவ்வூரின் கிணறோ உவர்த்தது.

வேலூர் மக்கள் நல அமைப்பொன்று 1991இல் இந்திய உச்ச நீதிமன்றத்தை நாடிற்று. 1996 ஆகஸ்ட் 28ஆந் திகதி வழங்கப்பெற்ற தீர்ப்பு, ஏறக்குறைய 35,000 ஹெக்டேயர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிர்ச்செய்கைக்கு உதவாது போனதாகக் கூறப்பட்டதை எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்துதல் வேண்டும் என்னுங் கோட்பாடு இந்நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதியே என்றும் அது விதித்தது.

தனித்தனியே சுத்திகரிப்பு நிலையம் அமைக்கச் சிறு தொழிலாளருக்கு வசதியில்லை. எனவே வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை முதலிய இடங்களிற் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. மக்னீசியம் ஒட்சைட்டினாற் குரோமியத்தைப் படியவைத்து மீட்கலாம்; நுண்ணுயிர்களைக் கொண்டு சேதனக் கழிவைச் சிதைக்கலாம். ஆனால் கரைந்த உப்பு இவை எவற்றிற்கும் அகப்படுவதன்று. அதனை நீக்க மென்சவ்வு வடிப்பும் ஆவியாக்கலும் புகுத்தப்பட்டன. நீர் மீண்டது, உப்பும் சேறும் குவியலாயின. 2015 ஜனவரி 31ஆந் திகதி இராணிப்பேட்டையில் அத்தகைய சேற்றுத் தொட்டியொன்றின் சுவர் உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த பத்துப்பேரின் உயிரைக் குடித்தது. இறந்தோருட் பெரும்பாலார் வங்கத்திலிருந்து பிழைப்பு நாடி வந்த தொழிலாளர். சுத்திகரிப்பு என்பது கழிவை இல்லாதொழிப்பதன்று, பல வேளைகளில் இடமாற்றுவதே என்பதை அத்துயரம் உணர்த்தியது.

இழப்பீட்டின் கதையும் நீண்டதே. 2025 ஜனவரி 30ஆந் திகதி உச்ச நீதிமன்றம், ஈடு பெறாதோர்க்கு அரசே முதலில் வழங்கிப் பின்னர் மாசுபடுத்தியோரிடம் அறவிடுமாறு பணித்தது. வழக்குத் தொடுத்த காலத்துப் பிறந்த குழந்தை அப்போது முப்பது வயதைக் கடந்திருக்கும். தொழிலை முற்றாக மூடுதலும் தீர்வாகாது. தோற்பட்டறையிலும் காலணித் தொழிற்சாலையிலும் உழைத்து வாழும் குடும்பங்கள் பல. அவர்களுட் பலர் நிலமற்ற எளிய மக்கள். எனவே வினா தொழில் வேண்டுமா என்பதன்று. அதன் விலையைச் செலுத்துபவர் யார் என்பதே.

இவ்வினா நமக்கும் உரியது. கலாவெவ நீரைச் சுமக்கும் ஜயகங்கை ஓடும் எப்பாவலைப் பகுதியிற் பொசுபேற்று அகழும் திட்டத்தை எதிர்த்து விவசாயிகள் தொடுத்த வழக்கில், 2000ஆம் ஆண்டில் நமது உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. அதே கலாஓயா எலுவன்குளத்தைக் கடந்து, கண்டற்காடுகளினூடே கடலிற் சேர்கின்றது. மேலே கலப்பதெல்லாம் கீழே வந்தடையும் ஊர் அது. புத்தளக் கரையிலோ பிறிதோரிடத்திலோ தொழிற்சாலை அமைக்க முனைவோர் அதற்கு முன்னரே கேட்க வேண்டிய வினாவைப் பாலாற்று மக்கள் கிணறு உவர்த்த பின்னரே கேட்க நேர்ந்தது. அவ்வரலாற்றைக் கற்ற நாமும் அவ்வாறு காத்திருத்தல் தகுமா?