எருக்கலம்பிட்டிக்குப் போகும் பாதை

1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் மன்னார்த் தீவு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டி வெறிச்சோடியது. சனம் கடல்வழியாகக் கற்பிட்டி, புத்தளம் பக்கம் போய்ச் சேர்ந்தது. 2002 ஏப்ரலில் அன்ரன் பாலசிங்கம் அது அரசியல் தவறு என்று ஒப்புக்கொண்டார்.

நாங்கள் ஞாயிறு பூசையில் பாவத்தைக் கடவுளிடம் மட்டுமில்லை, கூடியிருக்கிற சகோதர சகோதரிகளிடமும் அறிக்கையிடுகிறோம். ஆதித் திருச்சபையில் பெரும் பாவம் செய்தவர் சபைக்கு முன்னாலதான் தவமிருந்தார். திரும்பச் சேர்த்ததும் சபைதான்.

ஆனால் 1990இல் இழந்தவர்கள் எங்கட கோயிலுக்குள்ள இல்லையே! நாங்கள் அப்போது பிறக்கவே இல்லை, சரி. எங்கட சனம் பார்த்துக்கொண்டு நின்றதற்கு உள்ளுக்குள்ளேயே மன்னிப்புக் கிடைக்குமா?

சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருந்தால், காணிக்கையைப் பீடத்தடியில் விட்டுட்டு முதலில் அவனிடம் போ என்கிறது மத்தேயு நற்செய்தி. பலர் ஊர் திரும்பிவிட்டார்கள். பாதை தூரமில்லை.