பால்வாடிக்கு வராத பிள்ளைகள்

எங்கள் தெருவில் (காக்ஸ் டவுன் மார்க்கெட் பக்கம்) வீட்டு வேலைக்கு வரும் ஒரு அக்கா, மூன்றரை வயதுப் பையனையும் கூடவே இழுத்துக்கொண்டு வருவார். விழுப்புரத்துக்காரர். "அங்கன்வாடியில் விடலாமேக்கா?" என்று கேட்டேன். "நாம இந்த ஊரு இல்லியே சார், கார்டு கேப்பாங்க. கன்னடம் வேற" என்றார். நான் ராமநாதபுரத்துக்காரன். இதே மாதிரி பதிலைச் சின்ன வயசில் மண்டபத்தில் கேட்டிருக்கிறேன்.

மண்டபம் முகாமின் கதையே விநோதம். சிலோன் தோட்டங்களுக்குப் போகும் கூலி ஜனங்களை நோய்நொடி பார்த்து அனுப்ப வெள்ளைக்காரன் காலத்தில் உண்டான இடம் அது. 1964-ல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது. பேரன் பேத்திகள் திரும்பி வந்து தங்கியதும் அதே மண்டபத்தில். (அவர்களில் சிலர் நம்ம கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர் ரப்பர் தோட்டங்களில் குடியேற்றப்பட்டார்கள். அது தனிப் பதிவுக்கான விஷயம்.) 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அகதிகள் வந்ததும் அங்கேதான்.

சோற்றுக்கு வழி இருந்தது. 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு, பால்வாடிப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். ஆனால் சோறு இருந்தால் மட்டும் பிள்ளை வந்துவிடுமா? படகில் கடல் தாண்டி வந்த தாய், பிள்ளையைக் கண்ணை விட்டு அகல விடுவாளா? முகாமில் ஆள் கணக்கெடுக்கும் நாளில் பிள்ளை வெளியே இருந்தால் என்ன ஆகும் என்ற பயம் வேறு. 'பால்வாடி' என்ற வார்த்தைகூட அவர்களுக்குப் புதுசு. அவர்கள் ஊரில் அது பாலர் பாடசாலை.

இதைப் புரிந்துகொண்டவர்கள் அகதிகளேதான். தந்தை செல்வாவின் மகன் சந்திரஹாசன் 1984-ல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம் ஆட்களையே பழக்கி முகாமுக்குள்ளேயே சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியது. பக்கத்துக் குடிசைப் பெண்ணே டீச்சர் என்றால் தாய்க்கு என்ன பயம்? என்னைக் கேட்டால், அரசாங்கங்கள் இன்னும் சரியாகப் பிடிக்காத சூட்சுமம் இதுதான். 1991-ல் ராஜீவ் கொலைக்குப் பிறகு கெடுபிடி கூடி, தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் போவதே கஷ்டமானது. அடிபட்டது ஒன்றுமறியாத பிள்ளைகளும்தான்.

சரி, காக்ஸ் டவுனுக்கு வருவோம். ஐ.சி.டி.எஸ். 1975 அக்டோபர் 2-ல் நாடு முழுக்க 33 வட்டாரங்களில் ஆரம்பித்தது. அதன் அங்கன்வாடியில் ரேஷன் கார்டும் வேண்டாம், சொந்த ஊரும் வேண்டாம். ஆறு வயதுக்குள் இருந்தால் போதும். 2006 டிசம்பர் 13 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. ஆறு வயதுக்குட்பட்ட 40 பிள்ளைகள் உள்ள கிராமமோ குடிசைப் பகுதியோ கேட்டால், மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடி திறக்க வேண்டும்!

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். தலையை ஆட்டினார், போகவில்லை. எனக்கு ஏன் உறைக்கவில்லை என்று தெரியவில்லை, மண்டபத்துக்காரன்தானே நான். சனிக்கிழமை நானே கூடப் போனேன். அங்கன்வாடி டீச்சர் பையனைத் தராசில் ஏற்றி நிறுத்திக்கொண்டே, "ஊட்டா ஆய்த்தா? சாப்டியாடா?" என்று இரண்டு பாஷையிலும் கேட்டார். பையன் இரண்டுக்கும் தலையாட்டினான். அக்கா மட்டும் மதியம் வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு எங்கள் வீட்டுப் பாத்திரம் நான்தான் கழுவினேன்.