முதல் மந்திரி பதவி வேண்டாம் என்ற வண்ணாரப்பேட்டைக்காரர்

யானைக்கவுனியில் இப்போது யானையும் இல்லை, கவுனியும் இல்லை. பிரெஞ்சுக்காரர்களும் ஹைதர் அலியும் கொடுத்த பயத்தில், 1769-க்குப் பிறகு கறுப்பர் நகரத்தைச் சுற்றிக் கும்பினியார் எழுப்பிய மதிலின் வாசல்களில் அது ஒன்று. மதில் போய்விட்டது. அதற்காக மக்களிடம் வாங்க நினைத்து, வாங்காமலே விட்ட வரியின் பெயர் மட்டும் வால்டாக்ஸ் ரோடு என்று இன்னும் நிற்கிறது. நம் ஊரில் பெயர்கள் அப்படித்தான். சில சமயம் ஆள் ஓர் இடத்திலும் பெயர் வேறோர் இடத்திலும் இருக்கும்.

இதற்கு நல்ல உதாரணம் சர் பிட்டி தியாகராய செட்டியார். யானைக்கவுனியிலிருந்து வடக்கே அரை மணி நேரம் நடந்தால் வந்துவிடுகிற வண்ணாரப்பேட்டைப் பக்கத்துக்காரர். ஆனால் தியாகராயர் என்றால் ஜனங்களுக்கு ஞாபகம் வருவது தி. நகரும் ரங்கநாதன் தெருவில் தீபாவளி ஜவுளி வாங்கிய கதையும்தான்! எஞ்சினியருக்குச் சரித்திரத்தில் என்ன வேலை என்று கேட்கும் பழைய நண்பர்களும், இப்போது படிக்கும் தம்பி தங்கைகளும், இந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் தேவலை என்றுதான் எழுதுகிறேன்.

1852-ல் நெசவாளர் சமூகமான தேவாங்கர் குடும்பத்தில் பிறந்தவர். 1876-ல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். பி.ஏ. படித்தவன் உத்தியோகத்துக்குப் போன காலத்தில் இவர் நெசவு, தோல் என்று குடும்பத் தொழிலைப் பார்த்தார். 1882-ல் நகரசபைக்குள் நுழைந்தவர், சுமார் 40 வருஷம் அங்கிருந்து நகரவில்லை. தெரு விளக்கு, சாக்கடை, குடிதண்ணீர், பள்ளிக்கூடம் என்று இதே வேலை. சட்டசபைக்குப் போனவர்கள் பலர் உண்டு. ஆனால் 40 வருஷம் சாக்கடைக் கணக்குப் பார்த்துவிட்டுப் போனவர் எத்தனை பேர்?

1916 நவம்பரில் டாக்டர் டி.எம். நாயர், டாக்டர் நடேச முதலியார் ஆகியோருடன் சேர்ந்து தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைத் தொடங்கினார். அந்தச் சங்கம்தான் 'ஜஸ்டிஸ்' பத்திரிகையின் பெயரால் நீதிக்கட்சி ஆனது. படிப்பிலும் உத்தியோகத்திலும் பிராமணரல்லாதார் எவ்வளவு பின்தங்கியிருக்கிறார்கள் என்று கணக்குக் காட்டிய அறிக்கை அந்த டிசம்பரில் இவர் கையெழுத்தோடு வெளிவந்தது. 1919-ல் நாயர் லண்டனில் காலமானார். கட்சியின் பாரம் முழுக்க இவர் தலையில் விழுந்தது.

1920 நவம்பரில் மாகாணத்தின் முதல் பெரிய தேர்தல் நடந்தது. காங்கிரஸ் புறக்கணித்தது. சொத்துள்ளவர்களுக்கே ஓட்டு, பெண்களுக்கு இல்லை. தேர்தல் நடந்த 98 இடங்களில் 63-ஐ நீதிக்கட்சி பிடித்தது. கவர்னர் வில்லிங்டன் தியாகராயரை மந்திரிசபை அமைக்க அழைத்தார். வேண்டாம் என்றுவிட்டார்! கட்சியை நடத்துகிறேன், பதவி மற்றவர்களுக்கு என்று கடலூர் சுப்பராயலு ரெட்டியாரைக் கை காட்டினார். 1920 டிசம்பர் 17-ந் தேதி ரெட்டியார் முதல் மந்திரி ஆனார். சில மாதங்களில் உடல்நலமில்லாமல் அவர் விலக, பனகல் அரசர் வந்தார்.

தியாகம் என்று இதைப் பாராட்டுவது வழக்கம். பெயரே தியாகராயர் அல்லவா! ஆனால் அந்த மந்திரி பதவியில் என்ன இருந்தது என்றும் பார்க்க வேண்டும். இரட்டை ஆட்சி முறை. கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி மந்திரிகளிடம். போலீஸ், நிலவரி, நிதி எல்லாம் கவர்னரின் ஆட்களிடம். பொறுப்பு இவர்களுக்கு, சாவி அவர்களுக்கு. 68 வயதில் இவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?

அவர் விட்டுக்கொடுக்காத நாற்காலி நகரசபைத் தலைவர் நாற்காலிதான். அதிகாரி அல்லாதவர்களில் அதில் முதலில் உட்கார்ந்தவர் இவர். 1920 செப்டம்பர் 16-ந் தேதி ஒரு தீர்மானம் வந்தது. ஆயிரம் விளக்கு நகரசபைப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மத்தியானம் சாப்பாடு, தலைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக்கூடாது. அவ்வளவுதான் தீர்மானம். பசியில் பிள்ளைகள் பள்ளிக்கு வருவதில்லை என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஞானம் வேண்டாம், வார்டு சுற்றியிருந்தால் போதும். காமராஜர் திட்டத்துக்கும் எம்.ஜி.ஆர். சத்துணவுக்கும் 2022-ல் வந்த காலை உணவுக்கும் முன்னோடி இந்த ஒரு அணாச் சோறு.

ஆனால் யானைக்கவுனிப் பாலம் தாண்டி மேற்கே போனால் கதை மாறுகிறது. 1921-ல் பி அண்ட் சி மில்லில் பெரிய ஸ்டிரைக். சாதி இந்து, முஸ்லிம் தொழிலாளர்கள் வெளியே நிற்க, ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குப் போனார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஆகஸ்ட் 29-ந் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. போலீஸ் நீதிக்கட்சி மந்திரிகளிடம் இல்லை, அது உண்மை. ஆனால் வார்த்தை அவர்களிடம்தானே இருந்தது? கட்சித் தலைவர்கள் ஸ்டிரைக் செய்தவர்கள் பக்கம் நின்று, லேபர் டிபார்ட்மென்ட் ஆதிதிராவிடர்களுக்குச் சலுகை காட்டியதே காரணம் என்றார்கள். குடிசை எரிந்தவனுக்கு ஆறுதலாக ஒன்றும் வரவில்லை. கட்சியோடு இருந்த எம்.சி. ராஜா மனம் வெறுத்து 1923-ல் விலகினார். பிராமணரல்லாதார் எல்லோரும் ஒன்று என்று 1916-ல் எழுதிய கைக்கு, வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்துப் புளியந்தோப்பு எட்டவில்லையே என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. மலர்களில் பெரியவர்களைப் பற்றி எழுதும்போது இதையெல்லாம் விட்டுவிடுவது மரபு. விட மனம் வரவில்லை.

அவரையும் ஊர் சும்மா விடவில்லை. 1922 ஜனவரி 13-ந் தேதி வேல்ஸ் இளவரசர் சென்னை வந்தபோது காங்கிரஸ் பகிஷ்காரம் செய்தது. நகரசபைத் தலைவர் என்ற முறையில் தியாகராயர் வரவேற்க வேண்டியவர். அன்றைய கலகத்தில் அவர் வீடும் தப்பவில்லை. 1923 தேர்தலில் கட்சியின் இடங்கள் குறைந்தன. அந்த நவம்பரில் சி.ஆர். ரெட்டி கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைப் பனகல் அரசர் எப்படியோ சமாளித்தார்.

1925 ஏப்ரலில் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து சோறு போடச் சர்க்கார் அனுமதி மறுத்ததால், மாதம் பிறந்த அன்றே மத்தியானச் சாப்பாடு நின்றது. மாதக் கடைசியில், 28-ந் தேதி, தியாகராயர் காலமானார். சோறு நின்ற சேதி படுக்கையில் இருந்தவர் காதுக்குப் போயிருக்குமா என்று நான் யோசிப்பதுண்டு. சாப்பாடு பிறகு மறுபடி தொடங்கியது.

மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்து அப்போது எழும்பிக்கொண்டிருந்த புது நகருக்கு அவர் பெயரை வைத்தார்கள். அகலத் தெருக்கள், நடுவில் பனகல் பார்க். அவர் பிழைத்த வடசென்னைக்கு அந்த அகலம் வரவில்லை. அவர் பெயர் இந்தப் பக்கம் திரும்பி வர 25 வருஷம் ஆனது. 1950-ல் பழைய வண்ணாரப்பேட்டையில் சர் தியாகராயா கல்லூரி வந்தது. 2021 பிப்ரவரியில் அதே பெயரில் ஒரு மெட்ரோ ஸ்டேஷனும் திறந்தார்கள். ரிப்பன் மாளிகை வளாகத்தில் அவர் சிலை இருக்கிறது. யானைக்கவுனியிலிருந்து வால்டாக்ஸ் ரோடு பிடித்து, சென்ட்ரலைத் தாண்டினால் வந்துவிடும். சங்கக் கூட்டம் முடிந்து ரயில் பிடிக்கப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் எட்டிப் பார்க்கலாம்.