நேச நாடுகளும் ஈராக் போரும்: கருத்து வேறுபாட்டின் வரலாற்று வேர்கள்

முன்னுரை

போரில் இறங்குவோன் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டிய வலிமைகளுள் துணைவலியையும் ஒன்றாகத் திருக்குறளின் வலியறிதல் அதிகாரம் சேர்க்கிறது. துணை என்பது படையின் எண்ணிக்கை மட்டும்தானா, மறுத்துரைக்கும் உரிமையும் அதனுள் அடங்குமா என்னும் வினா, 2003ஆம் ஆண்டு ஈராக் போரின்போது மேலை நாடுகளிடையே கூர்மையாக எழுந்தது. பயங்கரவாதம் ஒடுக்கப்பட வேண்டும் என்பதில் அந்நாடுகள் வேறுபடவில்லை. எந்தப் போர் அதற்கு உரிய வழி, அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்குரியது என்பவற்றிலேயே வேறுபட்டன. அவ்வேறுபாட்டின் வேர்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒற்றுமையின் தொடக்கம்

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு மறுநாள், நேட்டோ அமைப்பு தன் ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவை முதன்முறையாகக் கையிலெடுத்தது. உறுப்பு நாடு ஒன்றின் மீதான தாக்குதலை அனைத்து உறுப்பு நாடுகளின் மீதான தாக்குதலாகக் கருதும் இப்பிரிவு, 1949இல் ஐரோப்பாவின் பாதுகாப்பை முதன்மையாகக் கருதி எழுதப்பட்டது. அது அமெரிக்காவுக்காகப் பயன்பட நேர்ந்தது வரலாற்றின் ஒரு திருப்பம். ஆப்கானிஸ்தானுக்குப் படை அனுப்பும் முடிவைச் செருமானியத் தலைமை அமைச்சர் கெர்ஹார்ட் ஷ்ரோடர், 2001 நவம்பரில் தம் அரசின் மீதான நம்பிக்கை வாக்கெடுப்போடு இணைத்து நிறைவேற்றினார். அடுத்த ஆண்டே ஈராக் போரை வெளிப்படையாக எதிர்த்தவரும் அவரே. எனவே அவரது மறுப்பைப் போரையே வெறுக்கும் மனநிலை என்று கொள்வது பொருந்தாது.

பிளவின் தோற்றம்

2002 செப்டம்பரில் அமெரிக்கா வெளியிட்ட தேசியப் பாதுகாப்புக் கொள்கை, அச்சுறுத்தல் முழு உருப்பெறுமுன்பே தாக்கும் உரிமையை வலியுறுத்தியது. அதே ஆண்டு நவம்பர் 8 அன்று பாதுகாப்பு அவை 1441ஆம் தீர்மானத்தைப் பதினைந்து உறுப்பினரின் ஒருமித்த வாக்குகளால் நிறைவேற்றியது. ஈராக் ஒத்துழைக்கத் தவறினால் ‘கடுமையான விளைவுகள்’ நேரும் என்னும் அதன் தொடரை ஒவ்வொரு நாடும் தத்தம் நோக்கில் பொருள் கொண்டது. அமெரிக்காவும் பிரித்தானியாவும் பழைய தீர்மானங்களோடு சேர்த்து இதையே போதிய சட்ட ஆதாரமாகக் கருதின. பிரான்சும் செருமனியும் ஆய்வாளர்களுக்கு மேலும் காலம் வேண்டும் என்றன. ஒருமித்த வாக்கு ஒருமித்த கருத்தாகாது என்பது சில மாதங்களிலேயே வெளிப்பட்டது.

சூயசு தந்த இருவேறு பாடங்கள்

இந்நிலைப்பாடுகளுக்கு 1956ஆம் ஆண்டுச் சூயசு நெருக்கடி ஒளி தருகிறது. அப்போது பிரித்தானியாவும் பிரான்சும் இசுரேலுடன் இணைந்து எகிப்தைத் தாக்கின. அமெரிக்கா எதிர்த்து நிதி நெருக்குதல் தந்து அவற்றைப் பின்வாங்கச் செய்தது. இனி வாசிங்டனை விட்டு விலகலாகாது என்னும் பாடத்தைப் பிரித்தானியா கற்றது. வாசிங்டனை நம்பியிருத்தல் கூடாது என்னும் பாடத்தைப் பிரான்சு கற்றது. ஐ.நா. அமைதிப்படைக்கு வித்திட்ட கனடாவின் லெஸ்டர் பியர்சன் 1957இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றார். 2003 மார்ச் 17 அன்று, புதிய ஐ.நா. தீர்மானம் இன்றிக் கனடா போரில் சேராது எனத் தலைமை அமைச்சர் ழான் கிரெத்தியான் அறிவித்ததை இம்மரபின் தொடர்ச்சியாகக் காணலாம்.

நாடாளுமன்றங்களின் பங்கு

ஏறத்தாழ 62,000 அமெரிக்க வீரர்களைத் தம் மண்ணில் அனுமதிக்கும் தீர்மானம், மார்ச் 1 அன்று துருக்கி நாடாளுமன்றத்தில் 264 ஆதரவு வாக்குகளும் 250 எதிர்ப்பு வாக்குகளும் பெற்றது. எனினும் வாக்களிக்காது நடுநிலை வகித்தோரையும் சேர்த்து, அவைக்கு வந்திருந்தோரில் பாதிக்கு மேற்பட்டோரின் ஆதரவு கிட்டாமையால் அது தோற்றது. பிரித்தானிய மக்களவை மார்ச் 18 அன்று 412க்கு 149 என்னும் வாக்குகளால் போருக்கு இசைந்தது. அதற்கு முந்தைய நாள், முன்னாள் வெளியுறவு அமைச்சரும் அவை முன்னவருமான ராபின் குக் பதவி விலகினார். போலந்து, அங்கேரி உள்ளிட்ட நாடுகளின் தலைவர்கள் அமெரிக்காவை ஆதரித்தமைக்கு, சோவியத் ஆதிக்கத்தில் பெற்ற பட்டறிவு ஒரு முக்கியக் காரணம்.

முடிவுரை

போருக்குக் காரணமாகக் காட்டப்பட்ட பேரழிவு ஆயுதக் குவியல்கள் ஈராக்கில் கண்டெடுக்கப்படவில்லை. 2004 மார்ச் 11 அன்று மாட்ரிட் தொடர்வண்டிகளில் நிகழ்ந்த குண்டுவெடிப்புகளில் 190க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மூன்று நாள்களுக்குப் பின் நடந்த தேர்தலில் ஆட்சி மாறியது. புதிய அரசு ஈராக்கிலிருந்து தன் படைகளைத் திரும்ப அழைத்தது. மறுத்த செருமனியோ, தன் மண்ணிலுள்ள தளங்களை அமெரிக்கா பயன்படுத்தத் தடை விதிக்கவில்லை. ஆப்கானிஸ்தான் பணியையும் கைவிடவில்லை. உடன்பட்ட துணை இடையில் விலகியதையும், மறுத்த துணை உறவில் நிலைத்ததையும் ஒருசேர நோக்கினால், உடன்பாட்டை மட்டும் கொண்டு துணைவலியை அளத்தல் இயலாது என்பது பெறப்படும். எச்சரித்த நண்பனின் சொல்லுக்குச் செவிசாய்க்கத் தவறியதன் விலையைப் பெரிதும் செலுத்தியவர்கள், அவ்விவாதங்களில் இடமே பெறாத ஈராக் மக்கள்.