ஒன்றுக்கு ஒன்பது: ‘காட்டன்’ சூதாட்டத்தின் கணக்கு

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துச் செய்திகளைப் படிக்கிறவர்களுக்கு ‘காட்டன் சூதாட்டம் நடத்தியவர் கைது’ என்கிற மாதிரி தலைப்பு புதிதாக இருக்காது. எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். எங்கள் பாஞ்சாலங்குறிச்சி பக்கம் காட்டன் என்றால் பருத்திதான். கட்டபொம்மன் கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் வழிநெடுகப் பார்க்கிற கறுப்பு மண்ணில் விளைவது. ஒரு காலத்தில் லிவர்பூல் சந்தையில் திருநெல்வேலிப் பருத்தி என்று தனிப் பெயரோடு விலை போனது. அந்தப் பருத்திக்கும் துண்டுச் சீட்டில் நம்பர் எழுதுவதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் பம்பாயில் இருக்கிறது நண்பர்களே.

நியூயார்க் பருத்திச் சந்தையின் ஆரம்ப விலையும் முடிவு விலையும் தந்தி வழியாகவும் பிறகு டெலிபிரிண்டர் வழியாகவும் பம்பாய்ப் பருத்திச் சந்தைக்கு வரும். வியாபாரிகளுக்கு அது தொழில் தகவல். மற்றவர்களுக்கு? விலையின் கடைசி இலக்கம் 0 முதல் 9 வரை எதுவாகவும் இருக்கலாம், அவ்வளவுதான். அந்த இலக்கத்தின் மேல் பணம் கட்டினார்கள். விலை ஏறுமா இறங்குமா என்று யோசிக்க வேண்டாம், பருத்தியைக் கண்ணால் பார்த்திருக்கக்கூட வேண்டாம். பம்பாய் சூதாட்டத் தடுப்புச் சட்டத்தில் பருத்தி, அபின் இவற்றின் சந்தை விலை மீதும் ‘அந்த விலையைச் சொல்லும் எண்ணின் இலக்கங்கள்’ மீதும் ஆடுவதைத் தனியாகக் குறிப்பிட்டே எழுதி வைத்திருக்கிறார்கள் என்றால், எவ்வளவு பரவியிருந்திருக்க வேண்டும்!

1961இல் நியூயார்க்கிலிருந்து விலை வருவது நின்றது. ஆட்டம் நிற்கவில்லை. 1962இல் கல்யாண்ஜி பகத் வொர்லியில் ஒன்றைத் தொடங்கினார். 1964இல் ரத்தன் கத்ரி இன்னொன்றைத் தொடங்கினார். விலைக்குப் பதிலாகச் சீட்டுகளை எடுத்து, கூட்டி, கடைசி இலக்கத்தை அறிவித்தார்கள். பானையிலிருந்து எடுப்பதால் ‘மட்கா’ என்று பெயர். பருத்தி போய்விட்டது. ஆனால் நம்ம ஊரில் மட்டும் ‘காட்டன்’ என்கிற பெயர் தங்கிவிட்டது.

சரி, கணக்குக்கு வருவோம். நான் படிப்பது பி.காம்., அதனால் இதுதான் எனக்குப் பிடித்த பகுதி :)

மட்காவில் ஒற்றை இலக்கத்துக்கு வழக்கமான பட்டுவாடா ஒன்றுக்கு ஒன்பது. பத்துப் பேர் ஆளுக்கொரு இலக்கத்தில் 100 ரூபாய் கட்டுகிறார்கள். வரவு 1,000. எந்த நம்பர் விழுந்தாலும் ஒருவருக்கு 900. மீதி 100 புக்கிக்கு. அவர் எந்த நம்பர் விழும் என்று யூகிக்கவில்லை. யார் ஜெயித்தாலும் அவருக்குக் கவலையும் இல்லை. பத்து வாய்ப்பு இருக்கும் இடத்தில் ஒன்பதுக்கு விலை போட்டார், அவ்வளவுதான். எல்லோரும் ஒரே நம்பரில் குவிந்தால்தான் அவருக்கு ஆபத்து. அப்போது கூடுதல் பணத்தைப் பெரிய புக்கியிடம் தள்ளிவிடுவார். அதாவது சில்லறை, மொத்தம் என்று முழு விநியோக அமைப்பே உண்டு.

பத்து சதவீதம்தானே, மளிகைக் கடைக்காரர்கூட வைக்கிறாரே என்று தோன்றும். ஆனால் மளிகைக் கடையில் ஒரு கிலோ பருப்பை ஒரு தடவைதான் வாங்குகிறோம். இங்கே ஜெயித்த பணம் மறுநாள் மறுபடி பந்தயத்துக்கே வருகிறது. ஒரு மில் வாசலில் 1,000 ரூபாய் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்று முடிந்தால் 900, பிறகு 810, பிறகு 729... ஏழாவது சுற்றில் சுமார் 478. பாதிக்கும் கீழே! பத்தாவதில் சுமார் 349. நடுவில் யாரோ ஒருவர் ஒரே நாளில் 900 வாங்கிய கதைதான் ஊரெல்லாம் பேசப்படும். காணாமல் போன 651 ரூபாயை யாரும் பேசமாட்டார்கள். மட்கா பம்பாயின் மில் பகுதிகளில் வளர்ந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பருத்தியை நூற்றவர்களின் கூலிதான் பருத்தி பெயரில் கரைந்திருக்கிறது.

மட்காவில் இந்தப் பங்கு கண்ணுக்குத் தெரியும். விளையாட்டுப் பந்தயத்தில் ஒளிந்திருக்கும். மூன்று குதிரைகள் ஓடுகின்றன. புக்கி சொல்லும் ரேட்: முதல் குதிரைக்கு ஒன்றுக்கு ஒன்று லாபம், இரண்டாவதுக்கு இரண்டு, மூன்றாவதுக்கு மூன்று. பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. எந்தக் குதிரை ஜெயித்தாலும் (கட்டிய பணத்தையும் சேர்த்து) 100 ரூபாய் கொடுக்க வேண்டும் என்றால், அவர் வசூலிக்க வேண்டியது 50, 33.33, 25. மொத்தம் 108.33. கொடுப்பது 100. அந்த 8.33தான் அவர் கடை வாடகை, லாபம் எல்லாம். கிரிக்கெட்டில் சம பலம் உள்ள இரண்டு அணிகளுக்கும் 1.90 என்று போடுவதும் இதேதான். இரண்டு பக்கமும் 100 கட்டினால் 200 வருகிறது, 190 போகிறது.

(வகுப்பு நண்பர்களுக்கு மட்டும்: 100க்கு மேல் 8.33 என்பது அடக்க விலை மேல் வைக்கும் மார்க்அப். 108.33இல் 8.33, அதாவது 7.69 சதவீதம், விற்பனை மேல் வரும் மார்ஜின். தேர்வில் குழப்பினால் இரண்டு மார்க் போகும், இங்கே குழப்பினாலும் போகும்!)

எனக்கு வியப்பாக இருப்பது, நம் சட்ட வரலாறு இந்த எண்ணைக் கேட்டதே இல்லை என்பது. பாட்னா அபினின் ஏல விலை மீது கட்டிய ஒரு பந்தயம் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1848இல் அது செல்லும் என்று தீர்ப்பானது. அதே 1848இல் பந்தய ஒப்பந்தங்கள் செல்லாது என்று இங்கே சட்டம் போட்டார்கள். அதன் வாரிசுதான் நாம் மனப்பாடம் செய்யும் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30வது பிரிவு. அந்தக் கேள்வி: சரக்கு கை மாறும் எண்ணம் இருந்ததா? பருத்தி வியாபாரியின் முன்பேர ஒப்பந்தத்தையும் வெறும் பந்தயத்தையும் பிரிக்க அது நல்ல கேள்விதான்.

அடுத்த கேள்வி கிண்டியில் வந்தது. 1974இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. வழக்கு நீண்டு, 1996இல் லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று சொல்லிவிட்டது. இருக்கட்டும். குதிரையின் வம்சம், ஜாக்கி, தரை எல்லாம் ஒருவர் கரைத்துக் குடித்தவராகவே இருக்கட்டும். மற்றவர்களைவிட அவர் கொஞ்சம் புத்திசாலியாக இருந்தால் போதாது. புக்கியின் பங்கைத் தாண்டும் அளவுக்குப் புத்திசாலியாக இருக்க வேண்டும். அந்தப் பங்கு முதலிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது, திறமை பிறகுதான் ஓடத் தொடங்குகிறது. இதற்குமேல் 2025 செப்டம்பர் 22 முதல் குதிரைப் பந்தயத்துக்கு 40 சதவீத ஜிஎஸ்டி. மட்காக்காரரின் பத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் 2022இல் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் நிறைவேறியபோதும், 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் அதிலிருந்து விலக்கியபோதும் விவாதம் அதே திறமையா அதிர்ஷ்டமா என்பதுதான். 2025இல் மத்திய அரசு போட்ட ஆன்லைன் விளையாட்டுச் சட்டம்தான் அந்த வேறுபாட்டையே ஒதுக்கிவிட்டு, பணம் கட்டி ஆடும் எல்லாவற்றையும் தடுத்தது. அதுவும் நூற்றுக்கு எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று கேட்கவில்லை, கதவைச் சாத்தியது.

30வது பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு, பாடப் புத்தகத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். குதிரைப் பந்தயத்தில் ஜெயிப்பவருக்கு 500 ரூபாய் அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள பரிசு தருவதற்காகச் சந்தா போட்டால் அந்த ஒப்பந்தம் செல்லும். 1872இல் 500 ரூபாய் பெரிய தொகை. சட்டத்தில் இன்றும் அதே 500தான்.