களுதாவளையின் டீசல் வாகனங்களும் புகை வடிகட்டியை அகற்றும் முடிவும்

இலங்கையின் மட்டக்களப்பு வாவிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையின் ஒடுங்கிய மணல் நிலத்தில், மண்முனை தென் எருவில் பற்றுப் பிரதேச செயலாளர் பிரிவில் அமைந்துள்ளது களுதாவளை. மரக்கறியும் வெற்றிலையும் இவ்வூருக்குப் பெயர் தேடித் தந்த விளைச்சல்கள். அவற்றைத் தோட்டத்திலிருந்து சந்தைக்குக் கொண்டு சேர்ப்பவை பட்டா, கென்டர், கெப் ரக டீசல் வாகனங்கள். வாவிக்கு மேற்கிலுள்ள படுவான்கரை வயல்களின் நெல்லும் பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து லொறிகளிலேயே எழுவான்கரைக்கு வருகிறது. இத்தகைய வாகனங்களுள் ஓரளவு புதியவை, புகைக்கரியைப் பிடித்து நிறுத்தும் வடிகட்டியுடன் நாட்டுக்குள் வந்தவை. கராஜ்களில் ‘டிபிஎப்’ என்று சொல்லப்படும் இவ்வடிகட்டி அடைத்துக்கொள்ளும்போது, அதைத் துப்புரவு செய்வதா, மாற்றுவதா, அடியோடு அகற்றிவிடுவதா என்ற கேள்வி உரிமையாளர் முன் எழுகிறது. அகற்றித் தரும் சேவை நாட்டில் வெளிப்படையாகவே விளம்பரம் செய்யப்படுகிறது. அகற்றுவது பிழையான முடிவு என்பதும், அப்பிழைக்கு உரிமையாளரை மட்டும் பொறுப்பாக்கினால் அது ஒருபோதும் திருந்தாது என்பதும் இக்கட்டுரையின் வாதம். எரிபொருள், பராமரிப்பு, பரிசோதனை ஆகிய மூன்றிலும் உள்ள குறைகளே அவரை அம்முடிவை நோக்கித் தள்ளுகின்றன.

வடிகட்டி இயங்கும் முறை

சைலன்சருக்கு முன்னால் உள்ள உருக்குக் கூட்டினுள் தேன்வதை போன்ற பீங்கான் கட்டி ஒன்று இருக்கும். அதன் நுண்குழாய்கள் ஒன்றுவிட்டு ஒன்றாக எதிரெதிர் முனைகளில் அடைக்கப்பட்டவை. ஆகவே புகை பீங்கான் சுவர்களை ஊடுருவித்தான் வெளியேற முடியும். கரித்துகள் சுவரில் தங்கிவிடும். நல்ல நிலையிலுள்ள வடிகட்டி துகள்களின் எடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்ட பங்கைத் தடுக்கிறது. சேர்ந்த கரியை அவ்வப்போது எரித்துத் தீர்க்க வேண்டும். வாகனம் பாரத்தோடு தொடர்ந்து ஓடும்போது புகையின் சூட்டிலேயே ஒரு பகுதி எரிந்துவிடும். அது போதாதபோது எஞ்சின் மேலதிகமாக டீசலைப் பீச்சி, வடிகட்டியின் வெப்பத்தை ஏறத்தாழ 600 பாகை செல்சியசுக்கு உயர்த்திக் கரியை எரிக்கும். எஞ்சின் ஒயிலிலிருந்து வரும் சாம்பலோ எரியாது. அது ஆண்டுக்கணக்கில் படிந்துகொண்டே போகும். கழற்றித் துப்புரவு செய்தால் மட்டுமே நீங்கும். கரியடைப்பும் சாம்பலடைப்பும் இருவேறு நோய்கள், மருந்தும் வேறு. கராஜில் இவ்விரண்டையும் பிரித்தறியாமல் விடுவதே பல தவறான முடிவுகளுக்குத் தொடக்கம்.

அடைப்புக்கான காரணங்கள்

களுதாவளையிலிருந்து மட்டக்களப்பு நகரச் சந்தை முப்பது கிலோமீற்றருக்கு உட்பட்டது. களுவாஞ்சிக்குடி அடுத்த ஊர். கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, பொத்துவில் வழியாக மட்டக்களப்பில் முடியும் ஏ4 வீதி இப்பகுதியில் ஏற்றமில்லாத சமதரை. ஊருக்கு ஊர் நின்று செல்ல வேண்டியது. தோட்டத்து வாசலில் எஞ்சினை அணைக்காமல் மூடைகளை ஏற்றுவது, கொஞ்சத் தூரம் ஓடுவது, மீண்டும் நிறுத்துவது என்று கழியும் நாளில் புகை போதிய அளவு சூடேறுவதில்லை. தொடங்கிய எரிப்பும் இடையில் அறுந்துபோகிறது. அவ்வாறு அறும்போது பீச்சிய டீசலில் ஒரு பங்கு எஞ்சின் ஒயிலில் கலந்து ஒயிலையும் கெடுக்கிறது. அடுத்தது எரிபொருள். சுப்பர் டீசலைவிட ஒட்டோ டீசலில் கந்தகம் அதிகம். கந்தகம் வடிகட்டியின் வினையூக்கிப் பூச்சை வலுவிழக்கச் செய்கிறது. ஆனால் 2022 ஜூன் 26 இல் அறிவிக்கப்பட்ட விலையில் ஒட்டோ டீசல் லீற்றர் 460 ரூபா, சுப்பர் டீசல் 520 ரூபா. தட்டுப்பாட்டால் எரிபொருள் வரிசையில் இரவைக் கழித்த அக்காலத்தில், கிடைத்ததை ஊற்றி ஓடியவரிடம் கந்தக அளவைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது. 2020 மார்ச்சில் வந்த வாகன இறக்குமதித் தடை 2025 வரை நீண்டதால், ஏற்கெனவே ஓடித் தேய்ந்த வாகனங்களும் அவற்றின் வடிகட்டிகளும் மேலும் முதுமையடைந்தன.

இவ்வாகனங்களுள் பலவற்றின் பிறப்பிடமான ஜப்பானையும் நோக்க வேண்டும். தோக்கியோ ஆளுநர் இஷிஹாரா ஷின்டாரோ 1999 இல் டீசல் புகைக்கு எதிரான இயக்கத்தைத் தொடங்கினார். 2003 ஒக்டோபர் முதல் தோக்கியோவிலும் அதைச் சூழ்ந்த மூன்று மாகாணங்களிலும் தரம் எட்டாத டீசல் வாகனங்கள் ஓடுவது தடுக்கப்பட்டது. இசுசு எல்ப் லொறியின் ‘டிபிடி’, ஹினோ டுட்ரோ லொறியின் ‘டிபிஆர்’ ஆகிய வடிகட்டி அமைப்புகள் ஜப்பானில் இறுகிய அத்தகைய கட்டுப்பாடுகளின் விளைவுகள். கந்தகம் மிகக் குறைந்த டீசலையும் முறையான பராமரிப்பையும் நம்பி வடிவமைக்கப்பட்ட கருவிகள் அவை. பாவித்த வாகனத்தை இறக்குமதி செய்த நாம், அது நம்பியிருந்த ஏற்பாடுகளை இறக்குமதி செய்யவில்லை. ஏற்பாடுகள் உள்ள நாட்டிலும் கருவி தவறலாம். 2015 ஒக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை அவுஸ்திரேலியாவில் விற்பனையான 264,170 டொயோட்டா ஹைலக்ஸ், பிராடோ, போர்ச்சுனர் வாகனங்களின் வடிகட்டி அமைப்பு குறைபாடுடையது என்று அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் 2022 இல் தீர்ப்பளித்தது. அடைப்பு என்றதும் ஓட்டுநரின் கவனயீனம் என்று முடிவு கட்டுவது தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அகற்றலின் விளைவு

அகற்றும் வேலை பார்வைக்கு எளியது. கூட்டை வெட்டித் திறந்து, பீங்கானை உடைத்து வெளியே எடுத்து, வெறுங்கூட்டை மீண்டும் ஒட்டிப் பூட்டுகிறார்கள். வடிகட்டி இல்லை என்பதை எஞ்சினின் கணினி உணராதபடி அதன் மென்பொருளையும் மாற்றுகிறார்கள். எச்சரிக்கை விளக்கு அணைகிறது. வாகனம் வெளித்தோற்றத்தில் முன்போலவே இருக்கிறது. ஆனால் இவ்வகை எஞ்சின்கள், நைதரசன் ஒட்சைட்டைக் குறைப்பதற்காகப் புகையின் ஒரு பங்கைத் திரும்ப உள்ளிழுத்து எரிப்பவை. அதனால் கூடும் கரியை வடிகட்டி ஏற்கும் என்ற கணக்கிலேயே அவை அமைக்கப்பட்டன. வடிகட்டி போனால் அக்கரி முழுவதும் காற்றில் கலக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 இல் டீசல் புகையை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் முதலாம் வகுப்பில் சேர்த்தது. ஒவ்வொருவர் எடுக்கும் சிறு முடிவும் கூடும்போது என்னவாகும் என்பதை அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் 2020 நவம்பர் அறிக்கை காட்டுகிறது. பத்தாண்டு காலத்தில் 550,000 இற்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வாகனங்களில் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் அகற்றப்பட்டன என்றும், அவற்றின் ஆயுட்காலத்தில் 5,000 தொன் துகள் மேலதிகமாக வெளியேறும் என்றும் அது மதிப்பிட்டது.

எதிர்வாதங்கள்

முதலாவது எதிர்வாதம் பிழைப்பைப் பற்றியது. புதிய வடிகட்டியின் விலை சிறு வியாபாரியின் தலையில் இடியாக விழும். மரக்கறியோ வாகனம் திருந்தும்வரை காத்திராது. இது உண்மை. ஆயினும் வழி அகற்றல், புதிது வாங்கல் என்ற இரண்டோடு நின்றுவிடுவதில்லை. கரியடைப்பாயின் ஸ்கேனர் கொண்டு கட்டாய எரிப்பு நடத்தலாம். சாம்பலடைப்பாயின் கழற்றித் துப்புரவு செய்யலாம். அடிக்கடி அடைபடுவது ஒழுகும் இன்ஜெக்டர், பழுதான உணரி, பொருந்தாத ஒயில் ஆகியவற்றின் அறிகுறியாகவும் இருக்கலாம். வடிகட்டியை அகற்றினால் அறிகுறி மறையும், நோய் எஞ்சினுக்குள் வளரும். இரண்டாவது, வடிகட்டியே இல்லாத பழைய லொறிகளும் விறகடுப்பும் எரியும் வைக்கோலும் இருக்கையில் இது எம்மாத்திரம் என்பது. இருக்கும் புகை பெரிது என்பது, மேலும் புகை சேர்ப்பதற்கு நியாயமாகாது. தடுக்கக்கூடிய புகையை முதலில் தடுப்பதற்கே காரணமாகும். மூன்றாவது, கடற்காற்று புகையை அள்ளிச் சென்றுவிடும் என்பது. புகையின் செறிவு வீதியோரத்திலேயே மிக அதிகம். பகலில் வீசும் கடற்காற்று அதைக் கரைப்பக்கமாகத்தான் தள்ளும். கடைகளும் வீடுகளும் பாடசாலைக்கு நடக்கும் பிள்ளைகளும் நிறைந்த வீதியில், காற்று கலைக்கும் முன்பே அதைச் சுவாசிப்பவர்கள் இருக்கிறார்கள்.

நான்காவது எதிர்வாதமே வலிமையானது: அகற்றிய பின்னும் புகைப் பரிசோதனையில் வாகனம் தேறிவிடுகிறதே, பிறகு சட்டப்படி என்ன குற்றம் என்பது. 2008 முதல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைச் சான்றிதழ் வேண்டும். டீசல் வாகனத்தில் கியர் இல்லாமல் அக்சிலேட்டரை முழுதாக மிதித்து, புகையின் கருமையை அளக்கிறார்கள். நவீன எஞ்சினின் நுண்துகள்கள் பெரும்பாலும் கண்ணுக்கும் இக்கருவிக்கும் புலப்படாதவை. 2018 ஜூலை முதல் இறக்குமதி வாகனங்களுக்கு விதிக்கப்பட்ட யூரோ 4 தரமும் வடிகட்டியைக் கட்டாயமாக்கும் அளவுக்கு இறுக்கமானதல்ல. ஐரோப்பாவில் டீசல் கார்களுக்கான துகள் வரம்பு யூரோ 4 இல் கிலோமீற்றருக்கு 25 மில்லிகிராம். யூரோ 5 அதை 5 ஆகக் குறைத்த பின்னரே வடிகட்டி தவிர்க்க முடியாததாயிற்று. ஆகவே பரிசோதனையில் தேறியது வாகனம் தீங்கற்றது என்பதற்குச் சான்றாகாது. பிரித்தானியா 2014 இல் வடிகட்டி இருக்கிறதா என்று பார்ப்பதை ஆண்டுப் பரிசோதனையில் சேர்த்தது. வெறுங்கூடு அதையும் ஏமாற்றிவிடும் என்பதால் பெல்ஜியம் 2022 இலும் நெதர்லாந்து, ஜேர்மனி 2023 இலும் துகள்களை எண்ணும் பரிசோதனைக்கு மாறின.

செய்ய வேண்டியவை

இவ்வாதத்திலிருந்து வரிசை ஒன்று பிறக்கிறது. தண்டனையை முதலில் வைத்தால் அது களுதாவளைத் தோட்டக்காரரின் தோளிலேயே விழும். கந்தகம் நிறைந்த டீசலை விநியோகிப்பவரும் மென்பொருளை மாற்றி விற்பவரும் தப்பிவிடுவார்கள். கிராமத்து எரிபொருள் நிலையத்திலும் கந்தகம் குறைந்த டீசல் கட்டுப்படியான விலையில் கிடைக்க வேண்டும். வடிகட்டியைக் கழற்றித் துப்புரவு செய்யும் வசதி மாவட்டத்துக்கு ஒன்றேனும் வேண்டும்; கூட்டுறவுச் சங்கங்களும் தொழிற்பயிற்சி நிலையங்களும் அதைப் பொறுப்பேற்கலாம். இவை அமைந்த பின் துகள் எண்ணும் பரிசோதனையை, வடிகட்டியுடன் இறக்குமதியான வாகனங்களிலிருந்து தொடங்கலாம். அகற்றும் சேவையை விளம்பரம் செய்வதையும் தடை செய்யலாம். அதுவரை உரிமையாளரின் கடமை நீங்கிவிடாது. எச்சரிக்கை விளக்கு எரிந்த நாளிலேயே காரணத்தைத் தேடுவதும், சாம்பல் குறைந்த ஒயிலைப் பாவிப்பதும், தொடங்கிய எரிப்பு முடியும்வரை வாகனத்தை ஓடவிடுவதும் இன்றே அவரால் முடிந்தவை. வடிகட்டியை அகற்றியவர் மிச்சம் பிடித்ததாக எண்ணும் பணத்தை வீதியோரத்தில் வாழ்பவர்கள் நோயாகவும் மருந்துச் செலவாகவும் செலுத்துகிறார்கள். கணக்கில் வராத அச்செலவைக் கணக்கில் கொண்டுவருவதே கொள்கை வகுப்பவரின் முதற்பணி.